எரிவாயுவைச் சொந்தமாக வைத்திருக்கும் நகரம்

கல்கரியிலிருந்து டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் தென்கிழக்கே சுமார் 300 கி.மீ. போனால் மெடிசின் ஹாட் வரும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கிட்டத்தட்ட கடைசி ஊர். இன்னும் கொஞ்ச தூரம் போனால் சஸ்காச்சுவான் மாகாணம் தொடங்கிவிடும். வழிநெடுக மரமில்லாத புல்வெளி, கோதுமை வயல், மாடு மேயும் நிலம். அப்புறம் ஓரிடத்தில் தரை சட்டென்று கீழே இறங்குகிறது. தெற்கு சஸ்காச்சுவான் ஆறும், கரையோர காட்டன்வுட் மரங்களும், அவற்றுக்கிடையே வீடுகளும் தெரிகின்றன. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 63,271. அதற்கு முந்தைய 2016 கணக்கெடுப்பில் 63,260. ஐந்து ஆண்டுகளில் கூடியவர்கள் வெறும் 11 பேர்.

வளராத ஊர் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இங்கே நகராட்சியே எரிவாயுக் கிணறுகளை வைத்திருக்கிறது. நகராட்சியே மின்சாரம் தயாரித்து வீடுகளுக்குக் கொடுக்கிறது. தண்ணீரும் சாக்கடையும் குப்பையும் அதே கையில்தான். வீட்டுக்கு வரும் மாத பில் ஒன்றில் இவை எல்லாம் அடங்கிவிடும். கனடாவில் குடிநீர் தரும் நகராட்சிகள் எங்கும் உண்டு, மின்சாரம் தரும் நகராட்சிகளும் சில உண்டு. நிலத்துக்கடியில் இருந்து எரிவாயுவையே எடுக்கும் நகராட்சி மிக அரிது. இந்த ஊரின் தொழில், வரி, அரசியல், இப்போதைய கவலை என்று எதைத் தொட்டாலும் அது இந்த ஒரு விஷயத்தில்தான் போய் நிற்கிறது.

கதை 1883ல் தொடங்குகிறது. கனடியன் பசிபிக் ரயில்வே மேற்கு நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்து அந்த ஆண்டு இந்த ஆற்றை எட்டியது. பாலம் கட்ட வேண்டும், அதற்கு ஆட்கள் தங்க வேண்டும். கூடாரங்களாகத் தொடங்கியது ஊர். நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று, ஊருக்கு மேற்கே லாஞ்சவின் என்ற நிறுத்தத்தில் ரயில்வேக்காரர்கள் துளை போட்டார்கள். தண்ணீருக்குப் பதில் எரிவாயு வந்தது. தேடியது கிடைக்காமல் கிடைத்த அந்த வாயுதான் பின்னால் ஆல்பர்ட்டாவின் பெயரையே எண்ணெய், எரிவாயு என்று ஆக்கிய துறைக்கு முதல் அடி.

ஊருக்கடியிலும் அதே வாயு இருப்பது சீக்கிரமே தெரிந்தது. 1906ல் மெடிசின் ஹாட் நகர அந்தஸ்து பெற்றபோது எரிவாயு ஏற்கெனவே நகரத்தின் சொத்து. தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்தன, அதுவும் இரவு பகல் பாராமல். காலையில் ஓர் ஆளை அனுப்பி அணைத்து, மாலையில் மறுபடி ஏற்றச் சம்பளம் கொடுப்பதைவிட எரியவிடுவதே மலிவாக இருந்தது. 1907ல் அந்தப் பக்கம் வந்த ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், இந்த ஊருக்கு நரகமே நிலவறையாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் அதை இன்றுவரை பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளூர் பீர் ஆலை ஒன்றுக்கு அதுவே பெயர். மூன்று வருடம் கழித்து, மெடிசின் ஹாட் என்ற பெயர் வியாபாரத்துக்கு உதவாது, காஸ்பர்க் என்று மாற்றலாம் என்று சிலர் கிளம்பினார்கள். கிப்ளிங்குக்கே கடிதம் போனது. பெயரை விற்காதீர்கள் என்று அவர் சூடாகப் பதில் எழுத, பழைய பெயரே நிலைத்தது. அந்தப் பெயர் பிளாக்ஃபுட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘சாமிஸ்’ என்ற அவர்களுடைய சொல் மருத்துவர் அணியும் கழுகிறகுத் தலையணியைக் குறிக்கும்.

மலிவான நெருப்பு கையில் இருந்தால் எந்தத் தொழில் வரும்? சூளைத் தொழில் வரும். செங்கல்லும் ஓடும் சுடத் தேவையான களிமண் ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளிலேயே இருந்தது. சுட்டதை ஏற்றி அனுப்ப ரயில் இருந்தது. எரிவாயுவை மலிவாகத் தருகிறோம் வாருங்கள் என்று நகராட்சியே ஆலைகளை அழைத்தது. 1912ல் இங்கே தொடங்கிய மண்பாண்ட ஆலை சில ஆண்டுகளில் மெடால்டா என்ற பெயரில் கனடா முழுக்க வீட்டுச் சமையலறைகளில் நுழைந்தது. நம் பாட்டிகள் ஊறுகாய் போட்டு வைத்த கனமான பீங்கான் ஜாடி நினைவிருக்கிறதா? அதைப் போன்ற ஜாடிகள்தான் மெடால்டாவின் பெயரைச் சொல்லும் பொருள். அங்கே முட்டைகோசும் வெண்ணெயும் அவற்றில் குளிர்காலத்தைக் கடந்தன. வயிற்றில் நீல எண், கீழே ஆலை முத்திரை. அந்த வகை ஜாடிக்கான உயர்தரக் களிமண் மட்டும் உள்ளூரில் இல்லை. சஸ்காச்சுவானின் ஈஸ்ட்எண்டிலிருந்து ரயிலில் வந்தது. மண்ணை நெருப்பு இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது லாபமாக இருந்தது என்றால் அந்த நெருப்பு எவ்வளவு மலிவு என்று பாருங்கள். கிழக்கே ஒன்டாரியோவில் செய்த பொருள்கள்தான் மேற்கே விற்பனைக்கு வரும் என்றிருந்த காலத்தில், புல்வெளி மாகாணத்துச் சரக்கு ஒன்று கிழக்கு நோக்கிப் போகத் தொடங்கியது இந்த ஆலையால்தான். பின்னாளில் ஹோட்டல்களுக்குத் தட்டும் கோப்பையும் செய்தார்கள். பூ வரைந்து வண்ணம் தீட்டிய பெண்களின் கைவேலை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

1954ல் மெடால்டா மூடப்பட்டது. பல ஆண்டுகள் இடிந்தே கிடந்த கட்டடத்தை ஊர்க்காரர்கள் விடாமல் போராடி மீட்டார்கள். இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம். கூரை குவிந்த வட்டச் சூளைகளுக்குள்ளேயே நடந்து போய்ப் பார்க்கலாம். அருங்காட்சியகத்தோடு நிற்காமல், பல நாடுகளிலிருந்து வரும் மண்பாண்டக் கலைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்யும் கூடமும் அங்கே நடக்கிறது. மெடிசின் ஹாட்டில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் மெடால்டாவைத்தான் சொல்வேன். ஊர் எதனால் உண்டானது என்பது அங்கே கையில் தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது.

அதே கணக்கில்தான் மற்றவையும் வந்தன. பக்கத்து ஊரான ரெட்கிளிஃபில் கண்ணாடிக் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. கடுங்குளிரிலும் உள்ளே வெள்ளரியும் தக்காளியும் காய்க்கின்றன. வெயிலும் எரிவாயுவும் சேர்ந்த இடத்தில் அது சாத்தியம். எரிவாயுவை மூலப்பொருளாகக் கொண்டு அமோனியாவும் யூரியாவும் செய்யும் பெரிய உர ஆலை, மெத்தனால் ஆலை இரண்டும் நகரை ஒட்டியே இயங்குகின்றன.

இத்தனை இருந்தும் ஊர் ஏன் கல்கரி போல் பெருகவில்லை? பெருகும் என்றுதான் 1912 வாக்கில் எல்லோரும் நம்பினார்கள். நிலத்தின் விலை ஏறியது, மனைகள் கைமாறின. 1913ல் அந்த வேகம் அறுந்தது. அடுத்து வந்தது வறட்சி. 1850களின் கடைசியில் இந்தப் பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசர், இது விவசாயத்துக்கு ஆகாத வறண்ட நிலம் என்று எழுதி வைத்திருந்தார். அதை மறந்து குடியேறிய ஆயிரக்கணக்கான விவசாயிகள் முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளிலிருந்து 1920களின் நடுப்பகுதி வரை தொடர்ந்து விளைச்சலை இழந்து, வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சுற்றிலும் கிராமங்கள் காலியானால் நடுவில் இருக்கும் நகரம் எப்படி வளரும்? ஆலைகள் மட்டும் தாங்கிப் பிடித்தன. இரண்டாம் உலகப் போரில் இங்கே ஜெர்மானியப் போர்க்கைதிகளுக்கான முகாம் ஒன்று இருந்தது. 12,000க்கும் மேற்பட்டோரை வைக்கும் அளவு பெரியது. அன்றைய நகரத்தின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆறும் அதையொட்டிய மனித வாழ்க்கையும் இந்த ஊரைவிட மிக மூத்தவை. நகரத்தின் தென்புறம் நெடுஞ்சாலை ஓரமாக, இருபது மாடி உயரத்தில் ஓர் எஃகுக் கூடாரச் சட்டம் நிற்கும். சாமிஸ் டீப்பி என்று பெயர். 1988 கல்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்காகச் செய்யப்பட்டு, 1991ல் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. பத்துத் தூண்களிலும் பூர்வகுடி மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஓவியங்கள். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதைப் படம் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதன் அடியில் இருக்கும் பள்ளத்தாக்குதான் முக்கியமானது. பிளாக்ஃபுட் மக்கள் காட்டெருமை வேட்டையாடி, இறைச்சியைப் பக்குவப்படுத்த ஒன்றுகூடிய முகாம் அங்கே பல நூற்றாண்டுகள் இருந்தது. அகழாய்வில் எலும்பும் கல்லாயுதமும் குவியலாகக் கிடைத்தன. காற்றுக்கு மறைவு, தண்ணீர், விறகு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் பள்ளம் இந்தத் திறந்த புல்வெளியில் எளிதில் அமையாது. 1877ல் பூர்வகுடி மக்களுக்கும் அரசுக்கும் இடையே ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆறே ஆண்டில் ரயில் வந்து இந்த நிலத்தின் கதையை மாற்றிவிட்டது.

போ, ஓல்ட்மேன் என்ற இரண்டு ஆறுகள் ராக்கி மலையிலிருந்து வந்து நகரத்துக்கு மேற்கே கலந்து தெற்கு சஸ்காச்சுவான் ஆகின்றன. ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து முந்நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டரைத் தாண்டாத ஊர் இது. அதாவது குடிப்பதும் குளிப்பதும் தூரத்து மலையின் உருகிய பனி. அந்தப் பனி உருகும் ஜூன் மாதத்தில் மலையில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து. 2010 ஜூனில் செவன் பெர்சன்ஸ் ஓடை பெருகியதில், ஏறக்குறைய நூறு வருடம் செங்கல் சுட்ட ஆலை மூழ்கி, மறுபடி திறக்கவே இல்லை. 2013 ஜூனில் கல்கரியை முடக்கிய வெள்ளம் சில நாள் கழித்து இங்கே வந்தது. சுமார் 10,000 பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். கல்கரியில் நடந்ததைப் பார்த்துத் தயாராக அந்தச் சில நாள் அவகாசம் இருந்ததை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் கரையோரக் குடியிருப்புகளுக்கு முன்னால் மண்ணணைகள் உயர்ந்தன.

வெள்ளத்தை விடப் பெரிய கேள்வி பற்றாக்குறை. இந்த ஆற்றுப் படுகையில் புதிதாகத் தண்ணீர் உரிமம் கேட்டு விண்ணப்பிப்பதை மாகாண அரசு 2006லேயே நிறுத்திவிட்டது. கொடுத்திருக்கும் உரிமங்களில் மிகப் பெரும் பங்கு பாசனத்துக்கு. புதிய ஆலை வர வேண்டும், நகரம் வளர வேண்டும் என்று பேசும்போதெல்லாம் தண்ணீர் யாருடைய பங்கிலிருந்து வரும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இங்கே வாழ்வது எப்படி? முதலில் வெயில். கனடாவிலேயே வெயில் அதிகம் விழும் நகரங்களில் இதற்கு முதலிடம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்; அது வெறும் பேச்சு இல்லை. கோடையில் 35 டிகிரி தாண்டும், குளிரில் மைனஸ் 30க்கும் கீழே போகும். நடுவே சினூக் என்ற மலைக்காற்று வீசினால் ஜனவரியிலும் ஒரே நாளில் பனி உருகி ஓடும். ஆற்றங்கரை நெடுக நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் உண்டு. 1883ல் குதிரைப் போலீஸ் முகாம் போட்ட இடம் இன்று போலீஸ் பாயின்ட் பூங்கா. பழைய காட்டன்வுட் மரங்கள், மான், ஆந்தை எல்லாம் நகர நடுவிலேயே. நீந்த வேண்டுமென்றால் எக்கோ டேல் பூங்காவின் ஏரிக்குப் போகலாம். கோடையில் பள்ளத்தாக்குச் சரிவுகளில் நடப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புல்வெளி ரேட்டில்ஸ்னேக் விரியன்களின் இருப்பிடம் இது. வால் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டால் நின்று, பின்வாங்கி, வழி விட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே கூட்டிப் போகிறார்கள்.

ஒரு மணி நேரம் தென்கிழக்கே ஓட்டினால் சைப்ரஸ் ஹில்ஸ் வரும். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேட்டுநிலம். பனியுகத்தில் பனிப்பாளம் இதன் உச்சியை மூடவில்லை. அதனால் கீழே எங்கும் இல்லாத பைன் காடு மேலே இருக்கிறது. இரண்டு மாகாணங்களும் சேர்ந்து 1989 முதல் இதை ஒரே பூங்காவாகப் பார்த்துக்கொள்கின்றன. இரவில் செயற்கை வெளிச்சம் படாமல் காக்கப்படும் பகுதி என்பதால் வானம் முழுக்க நட்சத்திரம்.

குளிர்காலத்து மாலைகள் ஹாக்கிக்கு. மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணி 1987, 1988 இரண்டு ஆண்டுகளிலும் கனடிய இளையோர் ஹாக்கியின் உச்சக் கோப்பையான மெமோரியல் கோப்பையை வென்றது. 2025ல் வெஸ்டர்ன் ஹாக்கி லீக்கை வென்று, மெமோரியல் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. ஜூலையில் முரட்டுக் குதிரையும் காளையும் ஏறிக் காட்டும் ஸ்டாம்பீட் திருவிழா.

மண்டல மருத்துவமனை, கல்லூரி, நாடகமும் இசையும் நடக்கும் எஸ்பிளனேட் அரங்கம் என்று இந்த அளவு ஊருக்குத் தேவையானவை இருக்கின்றன. சுற்றுவட்டாரத்துப் பண்ணைக் குடும்பங்களும் இங்கேதான் வருகிறார்கள். ஆனால் காரில்லாமல் இந்த ஊருக்கு வந்துசேர்வது பெரும்பாடு. ரயிலால் பிறந்த ஊர். ஆனால் நாடு கடக்கும் பயணிகள் ரயிலை 1990 ஜனவரியில் வடக்கு வழிக்கு மாற்றிவிட்டார்கள். இன்று சரக்கு ரயில்கள் மட்டும் ஊரை அதிரவைத்துப் போகின்றன. 2018 அக்டோபர் கடைசியில் கிரேஹவுண்ட் பேருந்தும் மேற்குக் கனடாவை விட்டுப் போனது. கல்கரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டிய, கார் ஓட்ட முடியாத முதியவரை நினைத்துப் பாருங்கள். புல்வெளிச் சிற்றூர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தக் குறையை எந்த அரசும் இன்னும் பொறுப்பாகக் கையில் எடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

வேறொரு பொறுப்பை இந்த ஊர் எடுத்துக்கொண்டது. 2009ல், வீடற்றவர்களுக்கு முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். குடியை விட்டால் வீடு, வேலை கிடைத்தால் வீடு என்ற நிபந்தனைகள் கிடையாது. தெருவில் ஒருவர் இருப்பது தெரிந்தால் 10 நாளுக்குள் வீடு என்பது இலக்கு. பின்னால் மேயரான டெட் கிளக்ஸ்டன் முதலில் இதை எதிர்த்தவர். ஒருவரை வீட்டில் வைக்க ஆண்டுக்கு சுமார் 20,000 டாலர், தெருவில் விட்டால் ஆம்புலன்ஸ், போலீஸ், சிறை என்று 100,000 டாலர் வரை ஆகும் என்ற கணக்கைப் பார்த்த பிறகு நாடு முழுக்க இதற்காகப் பேசினார். 2021ல், நீண்டகால வீடின்மையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிய முதல் கனடிய நகரமாக மெடிசின் ஹாட் அறிவிக்கப்பட்டது. அந்த நிலை நீடிக்கவில்லை. வாடகை ஏறியது, போதைப்பொருள் நெருக்கடி முற்றியது, எண்ணிக்கை மறுபடி கூடியது. அதை வைத்து இந்தத் திட்டமே வீண் என்று சொல்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியாகக் கூரைக்குக் கீழே போனார்கள். ஒருமுறை முடித்துவிட்டால் முடிந்தது என்று இருக்கக்கூடிய வேலை அல்ல இது. ஒவ்வொரு ஆண்டும் வீடும் பணமும் தேவைப்படும்.

இனி எரிவாயுவுக்கே திரும்புவோம். நூறு வருடமாக அதில் வந்த லாபம் நகராட்சிக் கணக்கில் விழுந்தது. அதனால் சொத்து வரி குறைவாக இருந்தது. அமெரிக்காவில் பாறைப்படிவ எரிவாயு வெள்ளமாக வந்ததும் விலை விழுந்தது. இங்கேயோ கிணறுகளுக்கு வயதாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் வருவது கொஞ்சம். 2019ல் நகராட்சி தன் கிணறுகளில் சுமார் 2,000ஐ மூடப்போவதாக அறிவித்தது. மூடுவதும் செலவுதான்: ஒவ்வொரு துளையையும் சிமென்ட் போட்டு அடைத்து, நிலத்தைப் பழையபடி ஆக்க வேண்டும். வாயு தந்த காலத்தில் வரியைக் குறைவாகவே பழக்கிவிட்ட ஊரில், இப்போது வரியை ஏற்றுவதும் சேவையைக் குறைப்பதும் தவிர வழி குறைவு.

மின்சாரம் வேறு மாதிரி. நகராட்சியின் மின்நிலையம் எரிவாயுவில் ஓடுகிறது. ஊருக்குப் போக மிச்சத்தை மாகாணச் சந்தையில் விற்கிறது. 2018ல் பிட்காயின் எடுக்கும் ஹட் 8 நிறுவனம் இங்கே இடம் பிடித்தது இந்த மின்சாரத்துக்காகத்தான். 2023 கோடையில் ஆல்பர்ட்டா முழுக்க மின் விலை எகிறியபோது, மெடிசின் ஹாட் வீடுகளின் பில்லும் எகிறியது. ஏனென்றால் உள்ளூர்க் கட்டணத்தை மாகாணத்தின் மற்ற ஊர்களில் இருந்த கட்டணத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். தயாரிக்கும் செலவு அந்த அளவு ஏறவில்லை. நகராட்சிக்குப் பெரும் லாபம். மின்நிலையம் எங்களுடையது, பிறகு ஏன் எங்களுக்கு இந்த விலை என்று மக்கள் கூட்டமாக வந்து கேட்டார்கள். நகரமன்றம் நிவாரணம் கொடுத்தது, கட்டணம் போடும் முறையை மறுபடி ஆராய்ந்தது. அவர்கள் கேட்டது முழுக்க நியாயம் என்பேன். பொதுச் சொத்து என்றால் லாபம் எங்கே போகிறது என்று பில் கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். அதே சமயம், தனியார் நிறுவனத்திடம் இப்படிப் போய்க் கேட்டிருக்கவே முடியாது. கேட்க ஒரு மன்றம் இருந்தது, பதில் சொல்லும் கடமை அதற்கு இருந்தது. அதனால்தான் இந்தத் துறையை விற்றுவிடலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு உடன்பாடு இல்லை.

சூரிய ஒளியையும் இவர்கள் முயன்று பார்த்தார்கள். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டை எரிவாயு மின்நிலையத்துக்குத் தரும் ஒரு மெகாவாட் திட்டம் 2014ல் தொடங்கி, கட்டுப்படியாகாமல் 2019ல் நின்றது. இப்போது எடுத்திருப்பது பெரியது. சாமிஸ் சோலார் என்ற 325 மெகாவாட் திட்டத்தை நகராட்சி ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து வாங்கியிருக்கிறது. பழைய உர ஆலையின் ஜிப்சக் கழிவு குவிந்து, வேறெதற்கும் பயன்படாமல் போன நிலமும் அதில் சேரும். முழுவதையும் ஒரே மூச்சில் கட்டாமல் கட்டம் கட்டமாகக் கட்ட யோசிக்கிறார்கள். எவ்வளவு கடன் வாங்குவது, மாகாணச் சந்தை விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்போது எந்த விலையை நம்பிக் கணக்குப் போடுவது, ஆலைகளுக்குத் தருவதா வீடுகளுக்குத் தருவதா என்ற கேள்விகள் நகரமன்றக் கூட்டங்களில் மறுபடி மறுபடி வருகின்றன. 2023ல் பில்லோடு வந்து நின்ற மக்கள், இந்த முறை கட்டுவதற்கு முன்பே அந்தக் கணக்கைக் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும்.